இஃப்புக்குள் இஃப் எழுதும் ஆசிரியர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலையில் எக்செல்லில் புள்ளிப் பட்டியல் செய்கிற ஆசிரியர்களும், "சேர், இதையும் கொஞ்சம் கொம்பியூட்டர்ல போட்டுத் தாங்களேன்" என்று வந்து நிற்பவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத ஆசிரியர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். பெற்றாரும் வாசிக்கலாம். உங்கள் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையும் பெரும்பாலும் இப்படி ஒரு பைலில் இருந்துதான் வருகிறது.

போன வருஷம் இரண்டாம் தவணை. தரம் 10 தேர்ச்சி அறிக்கைகளைக் கொடுத்து ஒரு பத்து நாள் இருக்கும். ஸ்டாஃப் ரூமில் கணித டீச்சர் என்னிடம் வந்தார். கையில் பின்னேர வகுப்புக்கான பெயர்ப் பட்டியல். கணிதத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் வகுப்பு அது.

"சேர், இந்தப் பிள்ளை பேப்பரே எழுதல்லையே. டெங்கு வந்து ஆஸ்பத்திரியில இருந்த பிள்ளை. இவவுக்கு எப்படி டபிள்யூ வந்திச்சு?"

பைலைத் திறந்து பார்த்தேன். கணிதம், விஞ்ஞானம் இரண்டு கலங்களும் வெறுமையாக இருந்தன. வகுப்பாசிரியர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. வராத பிள்ளைக்கு என்ன எழுத வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. என் மெக்ரோ அந்த இரண்டு வெறும் கலங்களையும் பூச்சியம் என்று எடுத்து, இரண்டுக்கும் டபிள்யூ போட்டிருந்தது. மற்ற ஏழு பாடங்களிலும் அந்தப் பிள்ளை எடுத்த மொத்தப் புள்ளி 511. ஏழால் பிரித்தால் சராசரி 73. மெக்ரோ ஒன்பதால் பிரித்து 56.8 என்று அச்சடித்துக் கொடுத்திருந்தது.

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் மகள் என்னிட்ட வந்து சொல்லல்ல?"

"கொம்பியூட்டர்ல வந்ததுதானே சேர். சரியாத்தான் இருக்கும் எண்டு நெனச்சன்."

பத்து நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல், தனக்குத் தெரிந்த கணக்கையே திரும்பவும் படிக்கும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த உடம்போடு. உம்மாவும் வாப்பாவும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கையால் எழுதிய அறிக்கையாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அச்சில் வந்ததால் கேட்கவில்லை.

அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். பிள்ளையிடமும் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பதிவின் உண்மையான விஷயம் தொடங்குகிறது.

என் மெக்ரோவில் அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நானே எழுதிய மெக்ரோ! ஐசிடி படிப்பிக்கிற ஆசிரியன் நான். பிள்ளைகளுக்குத் தொடர், தெரிவு, மீள்செயல் என்று பலகையில் பாய்ச்சற் கோட்டுப்படம் வரைந்து காட்டுகிறவன். என் எழுத்து எனக்கே விளங்கவில்லை.

ஏன் விளங்கவில்லை? அதன் அமைப்பைச் சொல்கிறேன். உங்கள் பைலும் இதே மாதிரி இருக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

வெளியே ஒரு லூப், ஒவ்வொரு மாணவராக நிரை நிரையாகப் போகும். அதற்குள் இன்னொரு லூப், ஒவ்வொரு பாடமாக நிரல் நிரலாகப் போகும். 112 பிள்ளைகள், ஒன்பது பாடங்கள். அதாவது 1008 கலங்கள். அந்த உள் லூப்புக்குள் முதல் இஃப்: தரம் 9 வரையா, 10க்கு மேலேயா? அதற்குள் அடுத்த இஃப்: கலத்தில் இருப்பது எண்ணா? அதற்குள்: 75 அல்லது கூடவா? இல்லையென்றால் அதற்குள்: 65 அல்லது கூடவா? இல்லையென்றால் அதற்குள் 50, அதற்குள் 35. பிறகு வரிசையாக எண்ட் இஃப், எண்ட் இஃப், எண்ட் இஃப். எந்த எண்ட் இஃப் எந்த இஃப்புக்குரியது என்று விரல் வைத்து எண்ண வேண்டும். முதல் இஃப்பின் இரண்டு பக்கத்திலும் இதே ஏணி முழுவதும் பிரதி பண்ணி ஒட்டப்பட்டிருந்தது.

இதில் பிழை எங்கே? "எண்ணா?" என்ற கேள்வியில். எக்செல் மெக்ரோவில் அதற்கு இஸ்நியூமெரிக் என்று ஒரு சார்பு இருக்கிறது. வெறும் கலத்தைக் கொடுத்து "இது எண்ணா?" என்று கேட்டால் அது "ஆம்" என்றுதான் சொல்லும். மெக்ரோ மொழி வெறுமையை ஒப்பிடும்போது பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். பூச்சியம் 75ஐ விடக் கூட இல்லை, 65ஐ விடவும் இல்லை, 50, 35 ஒன்றையும் விடக் கூட இல்லை. ஆகவே ஏணியின் கடைசிப் படியில் உள்ள டபிள்யூ. பிழைச் செய்தி ஒன்றும் வராது. சிவப்பு எழுத்தும் வராது. அழகாக ஒரு டபிள்யூ அச்சாகும்.

மெக்ரோ இல்லாமல் சூத்திரத்தாலேயே செய்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் பக்கம் இதைவிட வேடிக்கை. கலத்தில் இஃப் சூத்திரம் எழுதி "75 அல்லது கூட என்றால் ஏ" என்று தொடங்குகிறீர்கள் அல்லவா? பிள்ளை வரவில்லை என்று அந்தக் கலத்தில் ஏ.பி. என்று எழுதிப் பாருங்கள். எக்செல்லின் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணை விடப் பெரியது. ஆகவே வராத பிள்ளைக்கு ஏ சித்தி கிடைக்கும். என் பிழையால் ஒரு பிள்ளை விழுந்தது. உங்கள் பிழையால் ஒரு பிள்ளை எழும்பும். இரண்டும் அநியாயம்தான்.

பிழை தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். இன்னொரு இஃப் போட்டேன். "கலம் வெறுமையாக இல்லாவிட்டால் மட்டும்" என்று ஏணிக்கு மேலே ஒரு படி. தரம் 10க்கான பக்கத்தில் போட்டேன். தரம் 9க்கான பக்கத்தில் போட மறந்தேன். ஒரே ஏணி இரண்டு இடத்தில் இருந்தால் திருத்தம் ஒரு இடத்தில்தான் நடக்கும். இது மனித இயல்பு.

அதோடு முடியவில்லை. மூன்றாம் தவணையில் ஒரு பாடத்தின் புள்ளிகள் ஒரு வகுப்புக்கு வந்து சேரவே இல்லை. ஆசிரியர் லீவில் இருந்தார். முந்திய மெக்ரோவாக இருந்தால் அந்த வகுப்பு முழுக்க டபிள்யூ விழுந்திருக்கும், உடனே கண்ணில் பட்டிருக்கும். புதிய இஃப்பின் புண்ணியத்தில் மெக்ரோ அந்தக் கலங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய், எட்டுப் பாடங்களுக்கு மட்டும் சராசரி போட்டு வைத்திருந்தது. அச்சடிக்கும் முன் பகுதித் தலைவர் கண்டுபிடித்தது அல்லாஹ்வின் உதவி.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பிரச்சினை இஃப் குறைவாக இருந்ததில்லை. வெறுமையான கலம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பாடசாலையில் யாரும் முடிவு செய்திருக்கவில்லை. பிள்ளை வரவில்லை என்பதா? புள்ளி இன்னும் வரவில்லை என்பதா? டைப் பண்ணும்போது தவறிவிட்டதா? மூன்றும் மூன்று விஷயம். அதிபரும் ஆசிரியர்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவை, ஐந்தாவது இஃப்புக்கும் ஆறாவது இஃப்புக்கும் இடையில் நான் தெரியாமலே எடுத்துவிட்டேன்.

இதுதான் என் கருத்து, இதற்காகத்தான் இந்தப் பதிவு: இஃப்புக்குள் இஃப்பாக அடுக்கிய மெக்ரோவை எளிதாக்குவது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை. பிள்ளைகளுக்கு நியாயம் செய்வதற்காகச் செய்ய வேண்டிய வேலை. புள்ளி ஓர் அமானிதம். அதை எப்படிக் கணிக்கிறோம் என்பது அந்தப் பாடசாலையில் உள்ள சாதாரண ஓர் ஆசிரியர் வாசித்து "ஆம், இதுதான் எங்கள் விதி" என்று சொல்லக்கூடிய மாதிரி இருக்க வேண்டும். அப்படி வாசிக்க முடியாத பைல் சரியான விடையைத் தந்தாலும், அது அதிர்ஷ்டத்தால் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எப்படி எளிதாக்குவது? நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒன்று. விதிவிலக்குகளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

லூப்புக்குள் இருந்த முடிவு எடுக்கும் பகுதியை முழுவதும் வெளியே எடுத்து, தனியே ஒரு சார்பாக எழுதினேன். ஒரு கலத்தின் உள்ளடக்கத்தைக் கொடுத்தால் ஒரு தரத்தைத் திருப்பித் தரும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்குள் கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்றாக இல்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன:

கலம் வெறுமையா? "விடுபட்டது" என்று சொல்லி வெளியேறு.
ஏ.பி. என்று இருக்கிறதா? "ஏ.பி." என்று சொல்லி வெளியேறு.
எண் இல்லையா? "பிழை" என்று சொல்லி வெளியேறு.
பூச்சியத்தை விடக் குறைவா, 100ஐ விடக் கூடவா? "பிழை" என்று சொல்லி வெளியேறு.

இந்த நான்கையும் தாண்டி வருவது 0க்கும் 100க்கும் இடைப்பட்ட ஓர் எண் மட்டுமே. வேறு எதுவும் வர முடியாது. அதற்குப் பிறகு தரம் போடுவது சின்ன வேலை. வரிசையையும் கவனியுங்கள். வெறுமை என்ற கேள்வி முதலில் வர வேண்டும். எண்ணா என்ற கேள்வியை முதலில் கேட்டால் வெறுமை அதற்குள் நுழைந்துவிடும் என்று மேலே சொன்னேன்.

ஏன் தனிச் சார்பு? லூப்புக்குள்ளேயே செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். பல மொழிகளில் "இந்தச் சுற்றை விடு, அடுத்ததுக்குப் போ" என்று சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. எக்செல் மெக்ரோ மொழியில் அது இல்லை. அதனால்தான் நாம் எல்லோரும் லூப்புக்குள் இஃப்புக்குள் இஃப் என்று புதைகிறோம். கோடூ போட்டுத் தாவுவது ஒரு வழி. 1968இலேயே டைக்ஸ்ட்ரா என்ற அறிஞர் கோடூவின் கேட்டைப் பற்றி எழுதிய கடிதம் பிரசித்தமானது. தனிச் சார்பு என்றால் எக்ஸிட் ஃபங்ஷன் என்ற ஒரே வரியில் வெளியே வரலாம். லூப் மெலிந்துவிடும்.

சிலர் "அன்ட் போட்டு இரண்டு இஃப்பை ஒன்றாக்கினால் போதுமே" என்பார்கள். கவனம். இந்த மொழியில் அன்ட் போட்டால் இரண்டு பக்கத்தையும் அது கட்டாயம் கணித்துப் பார்க்கும். முதல் பக்கம் பொய் என்று தெரிந்தாலும் நிறுத்தாது. "இது எண்தான், அன்ட், எண்ணாக மாற்றினால் 75ஐ விடக் கூட" என்று ஒரே வரியில் எழுதினால், ஏ.பி. என்ற கலத்தில் அந்த மாற்றம் தோற்று மெக்ரோ நடுவழியில் நின்றுவிடும். இஃப்புக்குள் இஃப் வருவதற்குச் சில இடங்களில் நியாயமான காரணமும் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தக் காரணத்துக்கும் மேலே சொன்ன வாசல் முறை போதும்.

இரண்டு. எல்லைகளை மெக்ரோவில் இருந்து எடுத்துத் தாளில் வையுங்கள்.

75, 65, 50, 35 என்ற எண்கள் என் மெக்ரோவில் இரண்டு இடங்களில் புதைந்து கிடந்தன. இப்போது "விதிகள்" என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் இரண்டு நிரல்கள். 0க்கு டபிள்யூ, 35க்கு எஸ், 50க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ. கீழிருந்து மேலே ஏறுவரிசையில். விலுக்அப் சார்பைக் கிட்டிய பொருத்தத்தில் வைத்தால், 68 என்ற புள்ளிக்கு 65இன் நிரையைத் தானாகவே எடுக்கும். ஏணி முழுவதும் போயிற்று. நான்கு இஃப்புக்குப் பதில் ஒரு தேடல். நாளைக்கு எல்லை மாறினால் பிரதி அதிபரே தாளில் மாற்றலாம். என்னைத் தேட வேண்டியதில்லை. மெக்ரோவைத் திறக்கவும் வேண்டியதில்லை.

அட்டவணை வேண்டாம், மெக்ரோவிலேயே இருக்கட்டும் என்றால் செலக்ட் கேஸ் பாவியுங்கள். ஆனால் இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. இன்னொரு பாடசாலை நண்பர் ஒருவரின் பைலில் பார்த்தது. "75 முதல் 100 வரை ஏ, 65 முதல் 74 வரை பி" என்று எழுதியிருந்தார். பார்க்க அழகு. ஒரு பிள்ளைக்கு 74.5 வந்தது. அது 74ஐ விடக் கூட, 75ஐ விடக் குறைவு. இரண்டிலும் சேராமல் நேராகக் கடைசி வரிக்குப் போய் டபிள்யூ ஆகிவிட்டது! அரைப் புள்ளியால் ஒரு பிள்ளை பியும் இல்லாமல் ஏயும் இல்லாமல் டபிள்யூ. "75 அல்லது கூட", "65 அல்லது கூட" என்று மேலிருந்து கீழே எழுதினால் இடைவெளி விழாது. செலக்ட் கேஸ் முதலில் பொருந்தும் வரியை மட்டுமே எடுக்கும்.

அரைப் புள்ளி என்றதும் இன்னொன்று. "முழு எண்ணாக மாற்றிவிட்டால் முடிந்ததே" என்று நானும் நினைத்தேன். மெக்ரோவில் ரவுண்ட் போட்டேன். எக்செல் தாளில் ரவுண்ட் சூத்திரம் 74.5ஐ 75 ஆக்கும். ஆனால் மெக்ரோ மொழியின் ரவுண்ட் சரிபாதி வந்தால் அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். ஆகவே 74.5 அங்கே 74. அந்தப் பிள்ளைக்கு ஏ இல்லை. அதே மெக்ரோவில் 49.5 என்றால் 50 ஆகும். அந்தப் பிள்ளைக்கு சி கிடைக்கும். ஒரே வகுப்பு, ஒரே அரைப் புள்ளி, ஒரு பிள்ளைக்கு மேலே, ஒரு பிள்ளைக்குக் கீழே. இதை யார் முடிவு செய்தது? நானும் இல்லை, அதிபரும் இல்லை. மைக்ரோசொப்ட்டில் என்றைக்கோ யாரோ எடுத்த முடிவு. அரைப் புள்ளியை என்ன செய்வது என்பதும் ஆசிரியர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டிய விஷயம். தீர்மானித்து விதிகள் தாளில் எழுத வேண்டிய விஷயம்.

மூன்று. லூப்புக்கு ஒரு வேலை மட்டும் கொடுங்கள்.

இப்போது என் உள் லூப்பில் மூன்று வரிதான் இருக்கிறது. கலத்தை எடு. சார்பிடம் கேள். விடையை எழுது. சராசரி போடுவது அதற்குப் பிறகு தனி வேலை. 0 முதல் 100 வரை எண் உள்ள பாடங்களை மட்டும் கூட்டி, அத்தனை பாடங்களால் மட்டும் பிரிக்கிறது. தரம் 9, தரம் 10 வித்தியாசம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அந்த வித்தியாசம் பாடங்களின் எண்ணிக்கையில் மட்டும்தான் இருந்தது. அது லூப் எத்தனை நிரல் போக வேண்டும் என்பது. அதை லூப் தொடங்கும் முன்பே ஒரு தடவை பார்த்தால் போதும். நான் அதை 1008 தடவை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு. எல்லைகளில் சோதியுங்கள்.

ஒரு தாளில் இந்தப் பெறுமானங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்: 0, 34, 35, 49, 50, 64, 65, 74, 75, 100. பிறகு 74.5, 101, -1, ஏ.பி., ஒரு வெறும் கலம், இடைவெளி மட்டும் அடித்த ஒரு கலம். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் என்ன வர வேண்டும் என்று கையால் எழுதியிருக்கிறேன். மெக்ரோவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முதலில் இந்தத் தாளில் ஓட்டிப் பார்ப்பேன். ஐந்து நிமிஷ வேலை. இது முதலிலேயே இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பத்து நாள் பின்னேர வகுப்பில் இருந்திருக்காது. முந்தைய மெக்ரோவை இப்படிச் சோதிக்கவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முடிவு எடுக்கும் பகுதி இரண்டு லூப்புக்குள் புதைந்திருந்ததால், அதைத் தனியே எடுத்து ஒரு பெறுமானம் கொடுத்துப் பார்க்க வழியே இருக்கவில்லை.

இதற்கு வரும் எதிர்ப்புகளும் எனக்குத் தெரியும்.

"ஓடுகிற மெக்ரோவில் கை வைக்காதே." நானும் அப்படித்தான் நினைத்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடிக்கொண்டேதான் பிழையும் விட்டது. நின்றுபோகிற மெக்ரோ ஒன்றும் ஆபத்தில்லை. பிழையான விடையைச் சத்தமில்லாமல் தருவதுதான் ஆபத்து. 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாது என்ற ஒரே காரணத்தால் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் நாளாந்தக் கணக்கில் சேராமல் போனது. அதற்கும் இஃப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் சத்தமில்லாமல் பிழைப்பது என்பது விரிதாளின் குணம் என்பதற்குச் சொல்கிறேன். பெரிய நாட்டின் சுகாதாரத் துறைக்கே அது நடந்தது என்றால் நம்முடைய பைல் எம்மாத்திரம்?

"எளிதாக்கினால் வரிகள் கூடிவிடும்." சில இடங்களில் கூடும். பரவாயில்லை. ஒரே வரிக்குள் ஐஐஃப் என்பதை ஐந்து தரம் அடுக்கி "பாருங்கள், ஒரே வரி!" என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எளிது இல்லை, சுருக்கம். வாசிக்க அதுதான் இன்னும் கஷ்டம். போதாததற்கு ஐஐஃப் இரண்டு பக்க விடையையும் எப்போதும் கணித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளது. வேண்டாத பக்கத்தில் பிழை இருந்தாலும் விழும்.

"எல்ஸ்இஃப் என்று ஒட்டி எழுதினால் போதாதா? எண்ட் இஃப் ஒன்றுதானே வரும்." போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல முதல் படி. வாசிக்க லேசாகும். ஆனால் கேள்விகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். 1976இல் மெக்கேப் என்பவர் ஒரு நிரலின் சிக்கலை அதில் உள்ள தீர்மானப் புள்ளிகளை வைத்து அளக்கும் முறையை வெளியிட்டார். அந்தக் கணக்கில் பார்த்தால் எல்ஸ்இஃப்பால் ஒன்றும் குறையாது. அட்டவணைக்கு மாற்றும்போதுதான் கேள்விகளே குறைகின்றன.

"தரம் போட மெக்ரோவே தேவையில்லையே." இதை ஏற்றுக்கொள்கிறேன். விலுக்அப் சூத்திரமே போதும். அதில் ஏ.பி. வந்தால் இஃப் மாதிரி ஏ கொடுக்காமல் பிழைக் குறி காட்டும். அது நல்லது, கண்ணில் படும். ஆனால் வெறும் கலத்தை அதுவும் பூச்சியமாகத்தான் எடுக்கும். ஆகவே வாசலில் வெறுமையைக் கேட்கும் ஒரு கேள்வி அங்கேயும் வேண்டும். எங்களிடம் மெக்ரோ இருப்பது 112 அறிக்கைகளையும் ஒரே தடவையில் அச்சடிப்பதற்காக.

கடைசியாக ஒரு விஷயம், இது எனக்கே சொல்லிக்கொள்வது. எல்லாப் பாடசாலையிலும் ஒரு எக்செல் ஆள் இருப்பார். "அவருக்கு மட்டும்தான் அந்த பைல் தெரியும்" என்று சொல்வார்கள். கேட்க நெஞ்சுக்குச் சந்தோஷமாக இருக்கும். நான் அந்தச் சந்தோஷத்தைப் பல வருஷம் அனுபவித்தவன். இன்றைக்கு அது பாராட்டு இல்லை என்று விளங்குகிறது. நாளைக்கு எனக்கு இடமாற்றம் வந்தால் அந்த பைலை யார் பார்ப்பது? யாரும் பார்க்க மாட்டார்கள். தொடப் பயந்து அப்படியே ஓட்டுவார்கள். பிள்ளைகள் "கொம்பியூட்டர்ல வந்ததுதானே" என்று சும்மா இருப்பார்கள்.

நாங்கள் இப்போது செய்வது இது. ஆசிரியர் கூட்டத்தில் பேசி மூன்று விஷயம் முடிவு செய்தோம். வராத பிள்ளைக்கு வகுப்பாசிரியர் கட்டாயம் ஏ.பி. என்று எழுத வேண்டும். வெறும் கலம் ஒன்று இருந்தாலும் அந்த வகுப்பின் அறிக்கை அச்சாகாது. எந்தப் பிள்ளை, எந்தப் பாடம் என்று மெக்ரோ பட்டியல் தரும். அரைப் புள்ளி எப்போதும் மேலே போகும், எல்லாப் பிள்ளைக்கும். மூன்றும் விதிகள் தாளில் தமிழில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதிபர் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி காரியாலயத்திலும் இருக்கிறது. அந்த முடிவுகளை எடுக்க அரை மணித்தியாலம் போனது. மெக்ரோவைத் திருத்தி எழுத ஒரு பின்னேரம் போனது.

இந்த வருஷம் முதலாம் தவணையில் மெக்ரோ முதல் தடவை ஓடி, ஏழு வெறும் கலங்கள் இருக்கிறது என்று சொல்லி அச்சடிக்க மறுத்தது. வகுப்பாசிரியர் ஒருவருக்குக் கொஞ்சம் கோபம். "சேர், முந்திய பைல் நல்லா வேலை செஞ்சதே" என்றார். பட்டியலை எடுத்துக்கொண்டு போனோம். ஏழில் நான்கு, பிள்ளை வரவில்லை. இரண்டு, டைப் பண்ணும்போது தவறியவை. ஒன்று, பிள்ளை எழுதிய விடைத்தாள் ஆசிரியரின் மேசையில் இன்னொரு கட்டுக்குள் மாட்டிக் கிடந்தது. எடுத்துத் திருத்தினார். 81 புள்ளி.

அந்த 81ஐ முந்திய மெக்ரோ டபிள்யூ என்று அச்சடித்திருக்கும்.

உங்கள் பைலைத் திறந்து ஒரு வெறும் கலத்தை விட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு ஏ.பி. போட்டு ஓட்டுங்கள். பிறகு 74.5. மூன்றும் என்ன தருகிறது என்று கொமென்ட்டில் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நான் முதலில் சொல்லிவிட்டேன். விதிகள் தாளும் சோதனைத் தாளும் உள்ள வெற்று பைல் தேவையானவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். ஒரு விஷயம்: பைல் இணையம் வழியாக வருவதால் அதில் உள்ள மெக்ரோவை எக்செல் முதலில் தடுத்து வைக்கும். பயந்து உடனே அனுமதி கொடுக்காமல், முதலில் மெக்ரோவைத் திறந்து வாசித்துப் பாருங்கள். வாசித்தால் விளங்கும். விளங்காவிட்டால் அது என் பிழை, சொல்லுங்கள், திருத்துகிறேன்.